அவளுக்குக் கேட்கிற சத்தம்

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து சிக்கு விழுந்த நூல் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெரிய ற வருமா சின்ன ர வருமா என்று பேனா இன்றைக்கும் நின்று நின்றுதான் போகிறது. இதைக் கணினியில் அடித்துத் தருகிறேன் என்று சொன்னவர் எழுத்துப் பிழைகளைத் தாராளமாகத் திருத்திக்கொள்ளலாம். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

எனக்குப் பேச்சும் அவ்வளவாக வராது. கல்யாண வீட்டில் பந்தி முடிகிறவரை செருப்பு விட்ட இடத்திலேயே நிற்கிற ஆள். நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டராக இருக்கிறேன். பனியன் துணி ஓடும் வட்ட மிஷின்களைக் கழற்றிப் பூட்டிப் பழுது பார்ப்பது என் வேலை. ஒரு மிஷினுக்குள் இரண்டாயிரம் ஊசிக்கு மேல் இருக்கும். ஒன்றின் நுனி உடைந்தாலும் துணியில் மேலிருந்து கீழே ஒரு கோடு விழுந்துகொண்டே வரும். கோடு விழுவதற்கு முன்னாலேயே சத்தம் மாறிவிடும். நீளமான திருப்புளியின் முனையை மிஷின் உடம்பில் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கிற எலும்பில் அழுத்தினால் போதும், உள்ளே நடப்பது அத்தனையும் கேட்கும். இருபத்தைந்து வருடமாக வாயைவிடக் காதைத்தான் நம்பிப் பிழைக்கிறேன்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் ஒரு வீடியோ வந்தது. யாரோ ஒருவர் மழையே இல்லாமல் மழைச் சத்தம் செய்துகொண்டிருந்தார். பதிவு செய்த மழை இல்லை. திரையில் இருந்த ஒரு குமிழைத் திருகினார், வெறும் இரைச்சல் வந்தது. இன்னொன்றைத் திருகினார், அது தூரத்து மழையாக ஆனது. மறுபடியும் திருகினார், பக்கத்து மழை. நான் சோற்றில் கையை வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். ரசம் ஆறிப்போனது.

என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவளுடைய பழைய லேப்டாப் எங்கள் வீட்டில் துணி அலமாரியின் மேல் கிடந்தது. அவளிடம் கேட்கவே எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

"அப்பா, அதுக்குப் பேரு சிந்தசைசருங்ப்பா. நெசமான கீபோர்டு எதும் வேண்டாம், சாஃப்ட்வேராவே இருக்குது. சும்மாவே கெடைக்கும். போட்டுத் தாரேன்" என்றாள். பிறகு, "எதுக்குங்ப்பா?" என்று கேட்டாள்.

"சும்மா கேட்டேன் சாமி" என்றேன்.

"சும்மா கேக்கற ஆளா நீங்க!" என்று சிரித்தாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை திரையைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டேன். அத்தனையும் இங்கிலீஷ் எழுத்து. ஐம்பது அறுபது குமிழ்கள். மகள் வீடியோ காலில் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். நான் ஒரு நோட்டில் திரையை அப்படியே படமாக வரைந்து, குமிழுக்குக் குமிழ் தமிழில் எழுதிக்கொண்டேன். கட்டாஃப். அட்டாக். ரிலீஸ். எழுதி முடித்தும் எதுவும் புரியவில்லை. ஆனால் அலைகளின் படம் மட்டும் பார்த்ததும் பிடிபட்டது. ஒன்று வழவழவென்று ஏறி இறங்கியது. ஒன்று ரம்பப் பல். ஒன்று கட்டம் கட்டமாக இருந்தது. ரம்பப் பல்லை அழுத்தினால் சத்தமும் ரம்பம் மாதிரியே கரகரத்தது. வழவழப்பானதை அழுத்தினால் பாட்டில் வாயில் ஊதியது போல வந்தது. பொய் சொல்லாத சாமான் என்று அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அடுத்து மகள் ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினாள். கோடு கீழிருந்து ஏறி, கொஞ்சம் இறங்கி, அப்படியே நின்று, பிறகு சரிந்து முடிந்தது.

"இது ஒரு சத்தத்தோட ஆயுசுங்ப்பா. இந்த ஏத்தந்தான் அட்டாக்கு, அது பொறக்கறது. அப்பறம் கொஞ்சம் தணியறது, நிக்கறது, போறது."

"அட சாமி, இது கேமு!" என்று கத்திவிட்டேன். அடுப்படியில் இருந்து என் மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

எங்கள் மிஷினில் ஒவ்வொரு ஊசியும் ஓடுவதற்கு ஒரு இரும்புப் பாதை உண்டு. அதைத்தான் கேம் என்போம். ஊசி அந்தச் சரிவில் ஏறி, நூலைப் பிடித்து, இறங்கி, ஒரு கண்ணியைப் போட்டுவிட்டுப் போகும். ஏற்றம் செங்குத்தாக இருந்தால் ஒரு துணி, சாய்வாக இருந்தால் வேறொரு துணி. திரையில் இருந்த கோடு அச்சு அசல் அதேதான். அன்று சாயங்காலம்வரை அந்த நான்கு குமிழை மட்டும் திருகிக்கொண்டிருந்தேன். ஒரே அலை மணியானது, விசிலானது, கொசுவானது. எனக்கு வயது நாற்பத்தொன்பது. அன்று எனக்கு ஏழு வயது என்று சொன்னால் நானே நம்பியிருப்பேன்.

மூன்றாவது வாரம் மழையைச் செய்துவிட்டேன். இரைச்சலை எடுத்துக் கட்டாஃபைக் கீழே இறக்கினேன். அது, ஆளின் வாயில் துணியை வைத்துப் பேச விட்டதைப்போலக் கூர்மையை எல்லாம் மறைத்துவிடும். மேலே தகரக் கூரை மாதிரி ஒரு படபடப்பைச் சேர்த்து, பெட்டி ஸ்பீக்கரில் வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது மாடிப்படியில் தடதடவென்று ஓசை. என் மனைவி மொட்டை மாடியில் காயப்போட்ட துணி அத்தனையையும் தோளில் அள்ளிக்கொண்டு இறங்கி வந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது.

"ஏனுங்க, மானம் வெளுத்துக் கெடக்குது, மழை எங்கீங்க பேயுது?"

நான் லேப்டாப்பைக் காட்டினேன். அவள் துணிமூட்டையோடு நின்று அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குதுங்க உங்க சோலி. வாங்க, இதையெல்லாம் நீங்களே மறுக்கா மேல கொண்டுபோய் போடுங்க."

போட்டேன். ஒவ்வொரு கிளிப்பாகச் சிரித்துக்கொண்டே போட்டேன்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேறொரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் துணி ஓரம் தைக்கிற டெய்லர். பதினெட்டு வயதில் மிஷின் முன் உட்கார்ந்தவள். தனக்கென்று எதையும் கேட்டதில்லை. மகள் வேலைக்குப் போன பிறகு முதன்முதலாக ஒன்றைக் கேட்டாள்: "நானும் வள்ளி கும்மிக்குப் போகட்டுங்களா?" எங்கள் பக்கத்தில் இப்போது ஊருக்கு ஊர் வள்ளி கும்மிதான். முருகன் வள்ளியைக் கைப்பிடித்த கதையை ஆசிரியர் மைக்கில் பாடுவார். பெண்கள் ஒரே நிறச் சேலையில் வட்டமாக நின்று கைதட்டி ஆடுவார்கள். சில மாதம் பழகிய பிறகு கோயில் மைதானத்தில் அரங்கேற்றம். அவள் சேர்ந்த குழுவில் அறுபது பேர். பாதிக்கு மேல் கம்பெனி டெய்லர்கள். திருமுருகன்பூண்டிக்கு இந்தப் பக்கம் ஒரு கோயில் திடலில் சனி, ஞாயிறு சாயங்காலங்களில் பயிற்சி. நான் வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேப்பமரத்துக்குப் பின்னால் நிற்பேன்.

அவள் நன்றாகவே ஆடினாள். கைத்தட்டு, அடி, குனிந்து நிமிர்வது எல்லாம் கச்சிதம். திருப்பத்தில்தான் தப்பினாள். வட்டம் வலப்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆசிரியர் ஜால்ராவை ஒரு தட்டு தட்டுவார். அந்தக் கணமே அறுபது பேரும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். இவள் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துத்தான் திரும்புவாள். அரை அடி பிந்தும். பின்னால் வருகிறவள் மோதுவாள், அவளுக்குப் பின்னால் வருகிறவள் அவள்மேல் மோதுவாள், வட்டம் அங்கே கோணிவிடும்.

ஆசிரியர் பகலில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நல்ல மனிதர். ஆனால் கும்மி என்றால் கறார். "அம்மிணி, கோச்சுக்காதீங்க" என்றார் ஒருநாள் எல்லோர் முன்னாலும். "அரங்கேத்தத்துக்கு முந்துன ஞாயித்துக்கெழமை ஒரு ஒத்திகை வெப்பமுங்க. அன்னைக்கும் திருப்பந் தப்புனா இந்தத் தடவை ஓரமா ஒக்காந்து பாத்துக்கோங்க. அடுத்த தடவை ஆடிக்கலாமுங்க."

வீட்டுக்கு வந்ததும் அவள் துணி அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். அரங்கேற்றத்துக்கு எடுத்த பச்சைச் சேலை, ரவிக்கை தைத்து, மடித்து, அலமாரியில் தயாராக இருந்தது.

மறுவாரம் நான் ஒரு சோதனை செய்துகொண்டிருந்தேன். வழவழப்பான அலையை வைத்து, ஒரே குமிழால் சுருதியை அடிமட்டத்தில் இருந்து மேலே மேலே ஏற்றிக்கொண்டே போவது. விளையாட்டுத்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சத்தம் ஏறியது. விசில் மாதிரி ஆனது. இன்னும் மேலே போனது.

"ஏனுங்க நிறுத்திட்டீங்க?" என்றாள்.

நான் நிறுத்தவில்லை. என் காதில் அது கூவிக்கொண்டிருந்தது.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி ஏற்றினேன். "கேக்கறவரைக்கும் கையத் தூக்கி வெச்சிரு அம்மிணி." ஆறு தடவை ஏற்றினேன். ஆறு தடவையும் ஒரே இடத்தில் அவள் கை இறங்கியது. அந்த இடத்தை நோட்டில் குறித்தேன்.

பூண்டி வழியாக வண்டியில் போகும்போது அவள் ஒருநாள் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சாலை ஓரத்தில் சாமி சிலை செதுக்கும் பட்டறைகள். "இப்பெல்லாம் இவங்க உளியில கொத்தறதே இல்லையாட்ட இருக்குதுங்க. முந்தி எப்புடிக் கிணுகிணுன்னு கேக்கும்" என்றாள். அன்றைக்கும் கொத்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஏதோ நினைப்பில் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். செல்போன் அடித்தால் அவள் எடுக்காததற்கு இரண்டு தடவை கோபித்தும் இருக்கிறேன்.

கீரையை வைத்துவிட்டு அவளே சொன்னாள். "ஜால்ராச் சத்தம் எனக்குக் கேக்கறதே இல்லீங்க. மத்தவிய திரும்பறதப் பாத்துத்தான் திரும்பறேன். செவிடுன்னு சொல்லிருவாங்கன்னு யாருகிட்டயும் சொல்லலைங்க." அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான். இத்தனை வருடம் காதை வைத்துப் பிழைத்தவனுக்குப் பக்கத்தில் இருந்த காது தெரியவில்லை.

டாக்டரிடம் போனோம். மிஷின் இரைச்சலிலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்ததால் மேல்மட்டச் சத்தங்கள் மட்டும் போய்விட்டன, கீழே எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். காதுக்குக் கருவி வைத்துக்கொள்ளலாம் என்றார். "அரங்கேத்தம் முடியட்டுங்க டாக்டர்" என்றாள் இவள். அதற்கு முன்னால் கருவியோடு போனால் குழுவில் கேள்வி வரும் என்று பயம்.

கீழே எல்லாம் நன்றாக இருக்கிறது. இந்த ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். ஜால்ராவுக்குப் பதிலாக, அவளுக்குக் கேட்கிற மட்டத்தில் நானே ஒரு சத்தம் செய்துவிட்டால்?

ஆசிரியரிடம் பேசப் போனது பெரிய கதை. அவர் வேனைச் சுற்றி மூன்று தடவை நடந்தேன்.

"என்னங்ணா, டயர்ல காத்து எறங்கியிருக்குதுங்களா?" என்று அவரே கேட்டார்.

"இல்லீங்க. ஜால்ரா... தூரத்துல நிக்கறவங்களுக்கு எட்டறதில்லீங்களாட்ட இருக்குது. ஒரு சத்தம் செஞ்சு கொண்டாரட்டுங்களா?"

"செஞ்சுன்னா? எதுலீங்க செய்யறது?"

"லேப்டாப்புல."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பேசுனதே பெருசுங்ணா. கொண்டாங்க பாக்கலாம்."

வேலை முடிந்து வந்து தினமும் அதே வேலை. அடிமட்டத்தில் இருந்து கொஞ்சம் மேலே, அவள் கை இறங்கிய இடத்துக்கு நன்றாகக் கீழே ஒரு சுருதி. கனமான, வழவழப்பான சத்தம். அவள் அடுத்த அறையில் இருந்துகொண்டே "கேக்குது, கேக்குது" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒத்திகைக்கு முந்தைய ஞாயிறு, லேப்டாப்பை ஆசிரியரின் மைக் செட்டில் செருகி, பெண்கள் ஆட ஆரம்பித்து, ஆசிரியர் கண்ணைக் காட்டியதும் விசைக்கட்டையை அழுத்தினேன்.

"ஊ... ஊஊ... ஊம்ம்ம்" என்று சத்தம் ஏறியது.

பத்துப் பேர் தொடக்கத்தில் திரும்பினார்கள். இருபது பேர் நடுவில் திரும்பினார்கள். மற்றவர்கள் முழுச் சத்தம் வரட்டும் என்று காத்திருந்தார்கள். அறுபது பேரும் சந்தைக்கடை மாதிரி ஒருவர்மேல் ஒருவர் மோதி, இரண்டு பேர் உட்கார்ந்தே விட்டார்கள். ஒரே சிரிப்பு. என் மனைவிக்குப் பின்சீட்டில் தைக்கிற டெய்லர் அக்கா ஒருவர் உண்டு. அவர் வாய்க்கு யாரும் தப்ப முடியாது.

"ஏனுங்ணா, கம்பெனிச் சங்கு ஊதறீங்களா? ஷிப்ட் முடிஞ்சுதுங்களா, ஊட்டுக்குப் போலாமுங்களா?"

"எருமை கன்னு போடறாப்ல இருந்துச்சு" என்றது இன்னொரு குரல்.

ஆசிரியர் மெதுவாகச் சொன்னார். "சத்தம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலீங்களேண்ணா."

மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். திரும்பி வரும் வழியில் அவள்தான் சொன்னாள். "கேட்டுச்சுங்க. நல்லாக் கேட்டுச்சு. எப்பத் திரும்பறதுன்னுதான் தெரியல."

வீட்டில் திரையைப் பார்த்தேன். அட்டாக் குமிழை நான் மெதுவான பக்கம் திருகி வைத்திருந்தேன். ஏன் என்று யோசித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. எங்கள் தொழிலில் சுவிட்சைத் தட்டியதும் மிஷின் பாயக்கூடாது. விட்டு விட்டு அழுத்தி, அங்குலம் அங்குலமாக நகர்த்தி, பிறகுதான் வேகம் ஏற்ற வேண்டும். பாய்ந்தால் ஊசிகள் வரிசையாக உடையும். இதற்காக எத்தனை ஆட்களைத் திட்டியிருப்பேன்! அந்தக் கை, சத்தத்தையும் பதமாக ஓட்டி விட்டிருக்கிறது. சத்தத்தில் உடைவதற்கு ஊசி ஏது?

அட்டாக்கைக் குறைத்தேன். சத்தம் சட்டென்று வந்தது, ஆனாலும் மொட்டையாக இருந்தது. குழாய் ஸ்பீக்கரில் எடுபடாது என்று காது சொன்னது. என்ன சேர்ப்பது என்று மூன்று நாளாகியும் தெரியவில்லை. ஒத்திகைக்கு இன்னும் நான்கு நாள்.

புதன்கிழமை அவள் கம்பெனிக்கு அவளைக் கூட்டிவரப் போனேன். டெய்லர் ஹாலின் வாசலில் நின்று கூப்பிட்டேன். அத்தனை மிஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. பின்சீட்டு அக்கா என்னைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த டிரிம்மரால், அதுதான் நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரி, தன் மேஜைப் பலகையை இரண்டு தட்டு தட்டினார். டக் டக்.

என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது கையைப் பின்னால் நீட்டினாள்.

"பண்டல் இல்லடி, உன்ற ஊட்டுக்காரரு வந்திருக்கறாரு!" என்று அக்கா அவள் முதுகில் தட்டினார்.

அங்கே பேச்சு கேட்காது. அதனால் பின்னால் இருப்பவர் பலகையைத் தட்டுவார், முன்னால் இருப்பவர் அடுத்த துணிக்கட்டை வாங்கக் கையை நீட்டுவார். வரிசை முழுக்க அப்படித்தான் நடக்கிறது. முப்பது வருடமாக அவள் உடம்பு பதில் சொல்லி வருகிற சத்தம் அது. நான் போய் அந்தப் பலகையில் உள்ளங்கையை வைத்தேன். அக்காவை இன்னொரு முறை தட்டச் சொன்னேன்.

"அண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சு" என்று சொல்லிக்கொண்டே தட்டினார்.

அன்று சாயங்காலமும் மறுநாளும் வீடு முழுக்கத் தட்டல்தான். காய் நறுக்கும் பலகையையும் ஒரு டிரிம்மரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பலகையில் திருப்புளியை ஊன்றி, பிடியைக் காதெலும்பில் அழுத்தி, தட்டித் தட்டிக் கேட்டேன். ஒரு தட்டுக்குள் இரண்டு சத்தம் இருந்தது. முதலில் இரும்பு பலகையைத் தொடும் துளி இரைச்சல். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதன் அடியில் பலகையின் உடம்பு 'டொம்' என்று இறங்கும். இரைச்சலுக்கு ஒரு பொட்டு நேரம் கொடுத்தேன். அடியில் வழவழப்பான அலையை வைத்து, மேலிருந்து கீழே சட்டென்று விழவிட்டேன். அட்டாக்கை ஒரேயடியாகப் பூஜ்யத்துக்குத் தள்ளினேன். அப்போதும் விரல் கொஞ்சம் கூசியது.

அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னாள்.

"இது தகர டப்பா."

"செரி, இது?"

"யாரோ கதவத் தட்டறாப்ல இருக்குது. போய்த் தொறங்க."

"இது?"

"செருப்பக் கழட்டிக் கீழ போடறாப்ல. ஏனுங்க, எனக்கு அரிசி ஊற வெக்கோணும்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு அம்மிணி."

இரைச்சலை ஒரு மயிரிழை கூட்டினேன். விழும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். சொல்லாமல் அழுத்தினேன். டக் டக்.

சுவரைப் பார்த்தபடியே அவள் இடது கை பின்னால் நீண்டது. பிறகு தன் கையைத் தானே பார்த்தாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அரிசி ஊறவில்லை. அன்று உப்புமாதான்.

ஒத்திகை ஞாயிறு. ஆசிரியர் பாடினார். வட்டம் சுற்றியது. கண்ணைக் காட்டினார். அழுத்தினேன். டக் டக் என்று குழாய் ஸ்பீக்கர் சொன்னதும் அறுபது பேரும் ஒரே கதவு மாதிரித் திரும்பினார்கள். என் மனைவியின் கொண்டை எங்கே என்று தேடினேன். வரிசையில், எல்லோரோடும், அதே கணத்தில் இருந்தது. எட்டுத் திருப்பம். எட்டும் பிசகவில்லை.

முடிந்ததும் ஆசிரியர், "அம்மிணி, இன்னைக்கு எப்புடீங்க?" என்று வியந்து கேட்டார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் சொன்னாள். "எனக்கு ஜால்ரா கேக்கறதில்லீங்க. மிஷின்ல காது போயிருச்சுங்க. இதுதானுங்க கேக்குது."

பின்சீட்டு அக்கா அவளை முறைத்தார். "அடிப்பாவி, இத்தன நாளு உன்னையப் பாத்துத்தான்டி நான் திரும்பிட்டு இருந்தேன்! எனக்குங் கேக்காது!" சிரிப்பு வெடித்தது. "எனக்குந்தானுங்க" என்று இன்னொரு கை உயர்ந்தது. இன்னும் இரண்டு. எல்லோரும் டெய்லர்கள். ஆசிரியர் கையில் இருந்த ஜால்ராவை ஒரு தடவை பார்த்துவிட்டு, அதைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார். "அப்ப அண்ணந்தானுங்க இனி நம்ம ஜால்ரா" என்றார்.

அதன் பொருள் எனக்கு அரங்கேற்றத்தன்றுதான் புரிந்தது. மேடையில், ஆசிரியருக்குப் பக்கத்தில், விளக்கு வெளிச்சத்தில், ஊரே பார்க்க நான் உட்கார வேண்டும். பெங்களூரில் இருந்து வந்த மகள் என் சட்டைக் காலரைச் சரிசெய்து, "சாமி செலையாட்டம் ஒக்காந்துக்குங்ப்பா, பயப்படாதீங்க" என்று அனுப்பினாள். கூட்டத்தைப் பார்க்காமல் பச்சைச் சேலைகளின் பாதங்களை மட்டும் பார்த்தேன். அதில் எது என் மனைவியின் பாதம் என்று எனக்குத் தெரியும்.

முதல் திருப்பம். டக் டக். திரும்பியது. இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பாதம் மற்ற பாதங்களோடு சேர்ந்தே எழுந்து சேர்ந்தே விழுந்தது. நாலாவதற்குப் பிறகு, மிஷின் சுகமாக ஓடும்போது காதுக்கு வருமே ஒரு நிம்மதி, அது வந்தது. ஆசிரியர் உற்சாகத்தில் ஒரு சுற்றைக் கூடுதலாகவே பாடினார். அதற்கும் பிசகாமல் திரும்பினார்கள்.

ஆட்டம் முடிந்து, அறுபது பேரும் கோயிலைப் பார்த்து நின்று கும்பிட்டார்கள். மைதானமே கைதட்டியது. நான் எழுந்து நின்றேன். எழுந்தவன் அந்த அவசரத்தில் கையைக் கட்டைமேல் ஊன்றிவிட்டேன்.

டக் டக்.

கும்பிட்டுக்கொண்டிருந்த வரிசையில் பத்திருபது இடது கைகள் சட்டென்று பின்னால் நீண்டன. பண்டல் வாங்க.

மைதானத்துக்கு ஒன்றும் புரியவில்லை. டெய்லர்களுக்குத்தான் புரிந்தது. முதலில் என் மனைவி சிரித்தாள், பிறகு பின்சீட்டு அக்கா, பிறகு வரிசை முழுக்க. ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அக்கா அங்கிருந்தே கத்தினார். "அண்ணா, இன்னைக்கு லீவுங்ணா! துணியெல்லாம் நாளைக்குத் தச்சுக்கலாம்!"

நானும் சிரித்தேன். ஊர் முன்னால், விளக்கு வெளிச்சத்தில், நின்றபடியே.

மறுவாரம் அவள் காதுக்குக் கருவி வாங்கி மாட்டிக்கொண்டாள். பூண்டி வழியாக வரும்போது வண்டியை நிறுத்தச் சொல்லி, உளிச்சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள். டெய்லர் ஹாலில் இப்போது பலர் இரைச்சல் உள்ளே போகாமல் காதில் அடைப்பான் வைத்துக்கொள்கிறார்கள். பலகைத் தட்டு அதையும் தாண்டிக் கேட்கிறதாம். பக்கத்து ஊர்க் கும்மிக் குழு ஒன்று தங்களுக்கும் ஒரு சத்தம் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறது. அவர்கள் குழுவில் பாதிப் பேர் நூற்பாலைக்காரர்கள். அங்கே ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று போய்க் கேட்டுவர வேண்டும். போய்ப் பேச வேண்டுமே என்று நினைத்தால் இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எழுதி வையுங்கள் என்று ஆசிரியர் சொல்லி மாதங்கள் ஆகின்றன. நோட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இன்று மழை. நிஜ மழைதான், மனைவி மாடிக்கு ஓடுவதற்கு முன் என்னை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்துவிட்டுத்தான் ஓடினாள்.

ஐப்பசி மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை.